பாலும் பிரெட்டும்: வயிற்றுப் புண்ணுக்குப் போட்ட பத்தியத்தின் கதை

2005 அக்டோபரில் மருத்துவ நோபல் பரிசு அறிவிப்பு வந்தபோது நான் கல்லூரியில் படிச்சுக்கிட்டு இருந்தேன். வயிற்றுப் புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் பரிசு. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பேப்பரில் வந்திருந்ததை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஆச்சி சுளகில் அரிசியைப் பரப்பி கல் பொறுக்கிக்கிட்டு இருந்தாள். முழுசும் கேட்டுவிட்டு, "அப்போ உங்க பாட்டா இருவது வருசமா பாலக் குடிச்சது?" என்றாள்.

"வீண்தான் ஆச்சி" என்று சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல் பொறுக்குவதைத் தொடர்ந்தாள்.

அந்தப் பதில் சரியில்லை என்று அப்போதே பட்டது. ஆனால் ஏன் சரியில்லை என்று எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் கழித்து உணவுச் சிகிச்சையின் வரலாற்றை வாசிக்க ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நான் மருத்துவர் இல்லை. இது யாருக்குமான மருத்துவ ஆலோசனையும் இல்லை. ஆச்சிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் தேடி எடுத்த குறிப்புகள், அவ்வளவுதான்.

முதலில் பாட்டா. எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், கல்குளம் பக்கம். 1961 வாக்கில் அவருக்கு வயித்துப் புண் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். இரண்டு மணிக்கு ஒருதரம் பால், காலையில் பாலில் நனைத்த பிரெட், மதியம் குழைந்த சோறும் மோரும். மிளகாய், புளி, கருவாடு எதுவும் ஆகாது. மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத மனுஷன் அவர். வீட்டில் இரண்டு சட்டி வைக்க ஆரம்பித்தார்கள், ஊருக்கெல்லாம் ஒன்று, பாட்டாவுக்கு ஒன்று. "அந்த மனுசன் நாக்கைக் கெட்டிப் போட்டாரு மக்ளே" என்று ஆச்சி சொல்வாள். 1983-இல் நெஞ்சுவலியில் இறக்கும்வரை அந்தக் கட்டு அவிழவில்லை.

பீடி மட்டும் கடைசிவரை இருந்தது. அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

பட்டினியிலிருந்து பாலுக்கு

உணவுக்குழாய், இரைப்பை, அதை ஒட்டிய முன்சிறுகுடல் ஆகிய மூன்றும் சேர்ந்தது மேல் செரிமானப் பாதை. இங்கே வரும் புண்ணைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கு இருந்த எண்ணம் எளிமையானது. கையில் புண் வந்தால் கைக்கு ஓய்வு கொடுக்கிறோம். வயிற்றில் வந்தால் வயிற்றுக்கு ஓய்வு. அதனால் ரத்த வாந்தி எடுத்தவர்களை நாள்கணக்கில் பட்டினி போட்டார்கள். வாய் வழியாக எதுவும் கிடையாது, மலக்குடல் வழியாகச் சத்து நீரை ஏற்றுவார்கள். ஏற்கெனவே ரத்தம் இழந்தவர் இதில் இன்னும் மெலிந்து போவார்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாம்பர்க் நகரத்தின் ஹெர்மன் லென்ஹார்ட்ஸ் இதை மாற்றப் பார்த்தார். ரத்தம் கசிந்த நோயாளிக்கும் முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பாலும் முட்டையும் கொடுத்தார். அது துணிச்சலான காரியம். ஆனால் வெகுவாகப் பரவியது அவர் முறை அல்ல, சிகாகோவிலிருந்து வந்த இன்னொன்று.

1910-இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் ஒரு கருத்தை முன்வைத்தார்: அமிலம் இல்லாத இடத்தில் இந்தப் புண் வராது. ஐந்து வருஷம் கழித்து, 1915-இல், சிகாகோவின் பெர்ட்ரம் சிப்பி அந்த அமிலத்தை நாள் முழுக்க அடக்கி வைக்க ஒரு கால அட்டவணையே போட்டார். காலை 7 மணியிலிருந்து இரவு 7 மணிவரை, மணிக்கு ஒருதரம், பாதி பாலும் பாதி பாலேடும் கலந்து சுமார் 90 மில்லி. இரண்டு வேளைப் பாலுக்கு நடுவில் சோடா உப்பு, மெக்னீசியா, சுண்ணாம்புச் சத்து சேர்ந்த காரப்பொடி. சில நாள் கழித்து அரைவேக்காட்டு முட்டையும் கஞ்சியும் சேரும். இரவில் குழாய் விட்டு இரைப்பையில் தேங்கியதை உறிஞ்சி எடுப்பார்கள். மூன்று நான்கு வாரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும்.

இன்று வாசிக்க விநோதமாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு இதற்கு மாற்று கத்திதான், இரைப்பையில் அறுவை என்பது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. கத்தி வேண்டாம், பால் போதும் என்று ஒருவர் சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சிப்பி 1924-இல் இறந்தார். அவருடைய பால் அட்டவணை அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு, கூடியும் குறைந்தும், உலகெங்கும் மருத்துவமனைகளில் நடமாடியது. எங்க பாட்டாவின் இரண்டு மணிக்கொரு பால் அதன் தூரத்துச் சொந்தம்தான்.

நெய்யூரும் குன்னூரும்

இந்தக் கதையில் எங்கள் பக்கத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் மலையேறிய ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேயர் ஓர் அறுவை மருத்துவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது தெற்குத் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். காத்திருக்கும் நோயாளிகளின் கூட்டத்தையும், அவர்களைப் பார்க்க இருந்த மருத்துவர்களின் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை விட்டு இங்கேயே தங்கிவிட்டார். 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே நெய்யூர்தான்.

அங்கே அவர் பார்த்தது வரிசை வரிசையாக முன்சிறுகுடல் புண். பல ஆண்டு புண் ஆறி ஆறித் தழும்பேறி, இரைப்பையின் வாசல் சுருங்கி, உண்டதெல்லாம் வாந்தியாகிப் போகிற நிலையில் வருவார்கள். இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துப் புதுவழி போடும் அறுவையை அவர் பெருமளவில் செய்தார். இந்த ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு என்ற கேள்வி அவருக்கும் அவருடன் வேலை செய்த ஓர் என்பவருக்கும் விடாமல் இருந்தது. 1936-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்தப் புண்ணின் காரணங்களையும் சிகிச்சையையும் அலசியது. அவர்கள் பார்வை போனது ஏழைகளின் சாப்பாட்டுப் பக்கம்: மரச்சீனிக் கிழங்கு, தீட்டிய அரிசி, அதோடு கொஞ்சம் காரம். பால், காய், பயறு எல்லாம் எப்போதாவதுதான்.

அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளின் உணவை ஊட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று சீக்கியர் சாப்பாடு கிடைத்த எலிகள் நன்றாக இருந்தன. சென்னை மாகாணத்து, திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாடு கிடைத்த எலிகளில் இரைப்பைப் புண் வந்தது. 1931-இல் அதை எழுதினார். பின்னாளில் ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ராவும், மைசூரில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவரும், அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் இந்தப் புண் அதிகம், கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்று எழுதினார்கள்.

இதில் ஒன்றைக் கவனிங்க. இவர்கள் கேட்ட கேள்வி, எந்த உணவு இல்லாததால் புண் வருகிறது என்பது. மருத்துவமனை வார்டில் கேட்ட கேள்வி, எந்த உணவை நிறுத்தினால் புண் ஆறும் என்பது. இரண்டும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு விடை வறுமையைத் தொடும். இரண்டாவதற்கு விடை நோயாளியின் நாக்கைத் தொடும். பாட்டாவுக்குக் கிடைத்தது இரண்டாவது.

யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

பத்தியத்துக்கு எதிராகச் சாட்சி இல்லாமல் இல்லை. கோபன்ஹேகனில் ஐனார் மொய்லன்கிராக்ட் 1930-களில், ரத்தம் கசியும் புண்ணோடு வந்தவர்களைப் பட்டினி போடாமல், பாலிலும் நிறுத்தாமல், முதல் நாளே மசித்த காய்கறி, மீன், இறைச்சி உருண்டை என்று முழுச் சாப்பாடு கொடுத்தார். இரைப்பை அசைந்தால் கட்டிய ரத்தம் மறுபடி உடையும் என்பதுதான் அதுவரை எல்லோருக்கும் பயம். அவர் நோயாளிகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். மற்ற இடங்களில் அதைவிடப் பல மடங்கு.

1956-இல் லண்டனில் ரிச்சர்ட் டால் குழுவினர் நேரடியாகவே சோதித்தார்கள். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய அதே டால்தான். ஒரு பகுதியினருக்குக் காரமில்லாத கட்டுப்பாட்டுச் சாப்பாடு, மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. புண் ஆறுவதில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு முடிவு வந்தது. இரைப்பைப் புண் உள்ளவர்களில் புகைப்பதை நிறுத்தியவர்களுக்குப் புண் நன்றாக ஆறியது.

இந்த வரியை முதன்முதலாக வாசித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். ஆண்டு 1958. பாட்டாவுக்குப் பத்தியம் எழுதிக்கொடுத்தது அதற்கு மூன்று வருஷம் பிறகு. மீன் குழம்பை நிறுத்தச் சொன்ன இடத்தில் பீடியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எழுதிக்கொடுத்தவரைக் குற்றம் சொல்லவில்லை, அவருக்குக் கற்பித்த பாடநூல் அப்படி. ஒரு ஆய்வு லண்டன் பத்திரிகையில் வருவதற்கும் ஒரு சின்ன ஊர் மருந்துச் சீட்டில் வருவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று மட்டும் யோசிச்சேன்.

பால் தீங்கில்லாதது என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. பாலையும் காரப்பொடியையும் சேர்த்து அளவுக்கு மீறி எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பழுதாவதை 1923-இலிருந்தே மருத்துவர்கள் எழுதிவந்தார்கள். 1960-இல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலுமாக 15 மருத்துவமனைகளின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு, பாலேட்டுப் பத்தியத்தில் இருந்த புண் நோயாளிகளிடம் மாரடைப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பாட்டாவின் நெஞ்சுவலிக்குக் காரணம் பாலா, பீடியா, வயசா? ஒரு தனி மனிதனின் சாவை ஆய்வு முடிவிலிருந்து திருப்பி வாசிக்க முடியாது. அதனால் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டேன்.

கடைசி அடி 1976-இல். பால் குடித்தால் இரைப்பையில் அமிலம் கூடுகிறது என்று அளந்தே காட்டினார்கள். பால் முதலில் அமிலத்தைக் கொஞ்சம் தணிக்கும். பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் இன்னும் அமிலத்தைச் சுரக்கத் தூண்டும். அமிலத்தை அடக்கவென்று கொடுத்த பொருள், அமிலத்துக்கு அழைப்பு வைக்கும் பொருளாக இருந்தது.

டெல்லியில் நடந்த இரண்டு சோதனைகள்

நம்ம ஊர்ப் பத்தியத்தில் இரண்டு தூண்கள் இருந்தன: மிளகாய் ஆகாது, பால் நல்லது. இரண்டையும் 1980-களில் டெல்லி மருத்துவர் குழு ஒன்று தனித்தனியாகச் சோதித்தது.

முதலில் மிளகாய், 1984. முன்சிறுகுடல் புண் உள்ள 50 பேர். எல்லோருக்கும் ஆன்டாசிட் மருந்து. பாதிப்பேருக்குச் சாப்பாட்டோடு தினமும் 3 கிராம் மிளகாய்த்தூள் கூடுதலாக. நான்கு வாரம் கழித்து எண்டோஸ்கோப்பி வைத்துப் பார்த்தால், மிளகாய் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் புண் ஏறக்குறைய ஒரேபோல ஆறியிருந்தது.

பிறகு பால், 1986. இம்முறை 65 பேர். எல்லோருக்கும் அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை. ஒரு பகுதியினர் தினமும் 2 லிட்டர் பாலை நம்பியே இருந்தார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். நான்கு வாரத்தில் வழக்கமான சாப்பாட்டுக்காரர்களில் 78 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது. பால்காரர்களில் 53 சதவீதம்தான்.

எரிகிறது என்பதும் புண்ணாக்குகிறது என்பதும் வேறு வேறு என்பதுதான் இதில் எனக்குப் புரிந்தது. காரம் சாப்பிட்டு வலிக்கிறவர் அதைத் தவிர்ப்பதில் தப்பே இல்லை. வலி அவருடையது. ஆனால் தவிர்ப்பதால் புண் ஆறிவிடும் என்பது வேறு வாக்குறுதி.

அப்படியென்றால் ஏன் இத்தனை வருஷம் நம்பினார்கள்?

முட்டாள்தனம் என்று கடந்து போய்விடக் கூடாது. நம்ப மூன்று வலுவான காரணங்கள் இருந்தன.

முதலாவது, முன்சிறுகுடல் புண்ணின் வலி வெறும் வயிற்றில் கூடும், ஏதாவது சாப்பிட்டால் தணியும். பாலைக் குடித்த பத்து நிமிஷத்தில் பாட்டாவின் முகம் தெளிவதை ஆச்சி கண்ணால் பார்த்தவள். அதை எந்த ஆய்வுக் கட்டுரை வெல்லும்?

இரண்டாவது, இந்தப் புண் வரும், போகும், மறுபடி வரும். 1977-இல் வந்த ஒரு சோதனையில் மருந்தே இல்லாத போலி மருந்து வாங்கியவர்களிலும் 45 சதவீதத்தினருக்கு நான்கு வாரத்தில் புண் ஆறியது. அந்த நான்கு வாரத்தில் பால் குடித்திருந்தால் பாலுக்குப் பெயர். முட்டைக்கோஸ் சாறு குடித்திருந்தால் அதற்குப் பெயர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாதவரை எல்லாச் சிகிச்சையும் ஜெயிக்கும்.

மூன்றாவது, அதே சோதனையில் ஆன்டாசிட்டை அதிக அளவில், முறையாக எடுத்தவர்களில் 78 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது. அதாவது சிப்பியின் அட்டவணையில் வேலை செய்ய வாய்ப்பிருந்தது இரண்டு வேளைப் பாலுக்கு நடுவில் போன காரப்பொடி. பெயர் வாங்கியது பால். பொடி விலகிப் பால் மட்டும் ஊர் ஊராகப் பயணம் போனது.

1982-இல் பெர்த் நகரில் மார்ஷலும் வாரனும் அந்தப் பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார்கள். 1984-இல் மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். ஓரிரு வார ஆன்டிபயாட்டிக் சிகிச்சையில், ஆயுள் முழுக்கத் தொடர்ந்த நோய் பெரும்பாலோருக்கு நின்றது. அதற்காக உணவு பற்றிய கேள்வி செத்துவிடவில்லை. இந்தக் கிருமி தெற்கிலும் வடக்கிலும் பரவலாக இருக்கிறது, அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை. நெய்யூரில் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

மேல் செரிமானப் பாதையில் உணவே மருந்தாக நிற்கும் இடமும் உண்டு. 1995-இல் அமெரிக்காவில் பத்துக் குழந்தைகள். அமிலம் மேலேறும் நோய் என்று மருந்து கொடுத்தும் குணமாகாதவர்கள். சாதாரண உணவை நிறுத்தி, புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்த சத்து பானத்தைக் கொடுத்தார்கள். எட்டுப் பேருக்குத் தொந்தரவு முழுசும் போனது, இரண்டு பேருக்குக் குறைந்தது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தபோது தொந்தரவு திரும்பியது. உணவுக்குழாயில் ஒவ்வாமையால் வரும் அழற்சிக்கு இன்று பால், கோதுமை போன்றவற்றை நீக்கி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான். வித்தியாசம் எங்கே என்றால், இங்கே பத்தியத்தில் திரும்பிப் போகும் வழி இருக்கிறது. நீக்கு, பார், திரும்பச் சேர், மறுபடி பார். குற்றமில்லாத உணவு இலைக்குத் திரும்பி வரும்.

பாட்டாவின் பத்தியத்தில் இல்லாதது அதுதான். தொடங்கும் நாள் எழுதியிருந்தது, முடியும் நாள் எழுதவில்லை. ஆறு மாசம் கழித்து ஒரு கரண்டி மீன் குழம்பு விட்டுப் பாருங்க என்று சொல்ல யாரும் இல்லை.

ஆச்சி 2011-இல் போய்விட்டாள். இன்று கேட்டால் "வீண்" என்று சொல்ல மாட்டேன். பால் புண்ணை ஆற்றவில்லை ஆச்சி, ஆனால் அந்த ராத்திரிகளில் வலியைக் கொஞ்ச நேரம் தணித்தது, அது நீ பார்த்தது, உண்மைதான் என்பேன். பீடியையும் அவரிடம் கேட்டிருக்கணும் என்பேன். அப்புறம், இரண்டாவது சட்டி இருபது வருஷமும் தேவைப்பட்டிருக்காது என்பேன்.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பாட்டா போன பிறகும் ரொம்ப நாள் மிளகாய் போடாத அந்தச் சின்னச் சட்டியில்தான் அவளும் தனக்குக் குழம்பு வைத்தாள். பழகிப் போச்சு மக்ளே, என்பாள்.